நவரை நடவும் இரும்புக் கம்பிக் கிடாரும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். இதை என் மாமியார் சொன்னால் சண்டைக்குப் போவேன், நானே சொன்னால் தப்பில்லை. அந்தக் கோபத்தில்தான் பெரிய கிடார் வாங்கினேன்.

ஊரில் ரெண்டு மூன்று பேரிடம் மட்டும் செல்போன் இருந்த காலம் அது. சாலவாக்கத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். உத்திரமேரூரில் ஒரு நர்சரி பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சர் வேலை. கப்பலில் சமையல்காரனாக இருந்த என் அண்ணன் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து வாங்கிவந்த யுகுலேலே ஒன்று என்னிடம் இருந்தது. பார்க்கக் கிடாரின் குட்டி மாதிரி இருக்கும். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட நீளம், நாலே நாலு நைலான் நரம்பு. கூட வந்த சின்னப் புத்தகத்தில் எந்த விரலை எங்கே வைப்பது என்று கட்டம் போட்டுப் புள்ளி வைத்திருந்தார்கள். புள்ளி பார்த்துக் கோலம் போடுகிறவளுக்கு அதெல்லாம் ஒரு கஷ்டமா? வாண்டுகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற அளவுக்குத் தானாகவே கற்றுக்கொண்டேன்.

வீட்டில் அதற்கு ஒரே ரசிகை என் நாத்தனார், அதாவது வீட்டுக்காரரின் தங்கை. அவளும் உத்திரமேரூருக்குத்தான் கம்ப்யூட்டர் கிளாஸ் போய்க்கொண்டிருந்தாள். காலையில் ரெண்டு பேருக்கும் ஒரே டவுன் பஸ். வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. காத்திருந்து காத்திருந்து, அந்த பஸ்ஸைத் திட்டி ஒரு பாட்டே கட்டிவிட்டோம். அவள் வரி சொல்வாள், நான் மெட்டுப் போடுவேன். வாரத்துக்கு வாரம் திட்டு கூடிக்கொண்டே போய், பாட்டு ஏழெட்டுச் சரணத்துக்கு வளர்ந்துவிட்டது.

ஐப்பசியில் அவளுக்கு மாகறலில் மாப்பிள்ளை பார்த்து முடித்தார்கள். தை மாதம் முகூர்த்தம், முதல்நாள் சாயந்திரம் உத்திரமேரூர் மண்டபத்தில் ரிசப்ஷன். நிச்சயதார்த்தம் முடிந்து பந்திப்பாய் சுருட்டுவதற்குள் அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். “அண்ணி, ரிசப்ஷன்ல நம்ம பஸ் பாட்ட நீ வாசிச்சுப் பாடணும். நீ பாடலன்னா நான் மேடை ஏற மாட்டேன், ஆமா.”

மேடைக் கச்சேரிக்குப் பேசியிருந்த ஆர்கெஸ்ட்ராக்காரர் முன்பணம் வாங்க வீட்டுக்கு வந்தார். நான் ஆசையாக யுகுலேலேவை எடுத்துக் காட்டினேன். மனுஷன் அதை ஒற்றைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இன்னாம்மா இது, பாப்பா வெளாட்டுச் சாமானா? எங்க டிரம்ஸு முன்னால இது கொசு கத்துற மாதிரி கேக்கும். பெரிய கிடாரா இருந்தா சொல்லு, மைக் வெச்சுத் தரேன்.”

வந்ததே எனக்குக் கோபம்! அந்தச் சனிக்கிழமையே வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு காஞ்சிபுரம் போனேன்.

வீணை, தபேலா, ஆர்மோனியம் விற்கிற கடை. மூலையில் ரெண்டு கிடார் தொங்கியது. நான் நாலடி பத்து அங்குலம். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கடைக்காரர் சின்னதை இறக்கினார். “பெரிசு” என்றேன். பெரிசை மடியில் வைத்ததும் என் முகவாய்க்கட்டை அதன் விளிம்பில் இடித்தது. வலது கையை மேலே தூக்கிப் போட்டால்தான் கம்பி எட்டும். “நீ கிடாரப் புடிச்சினு கீறியா, கிடார் உன்னப் புடிச்சினு கீதா?” என்றார் வீட்டுக்காரர். முறைத்தேன். அவர் வெளியே போய் டீ குடிக்க ஆரம்பித்துவிட்டார்.

ஆறு கம்பி, ஆறும் இரும்பு. யுகுலேலேயில் வைக்கிற மாதிரியே கீழ் நாலு கம்பியில் விரல் வைத்து அழுத்தினேன். டொக்கென்று செத்த சத்தம். நைலானைத் தொடுகிற மாதிரி தொட்டால் இரும்பு மதிக்குமா? பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தேன். அடேயப்பா! அந்த ஒலி நெஞ்செலும்பில் வந்து இறங்கியது. அதே விரல் அமைப்புதான், ஆனால் சுருதி நன்றாகக் கீழே. யுகுலேலேவுக்கு நான் எட்டுக்கட்டையில் கீச்சுக் கீச்சென்று பாடிக்கொண்டிருந்தேன். என் சொந்தக் குரல் தடித்த குரல். அது உட்கார இடம் இப்போதுதான் கிடைத்தது. மேலே இருக்கிற ரெண்டு தடிக்கம்பியை என்ன செய்வதென்று தெரியவில்லை, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வாங்கியாகிவிட்டது.

திரும்பும்போது பஸ்ஸில் கண்டக்டர் லக்கேஜ் போடவா என்று கேட்டார். “மடியில வெச்சுக்கினு வர்ற கொழந்தைக்கி லக்கேஜ் போடுவியா?” என்றேன். பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டுப் போனார்.

சிரிப்பெல்லாம் மறுநாள் காலை வரைக்கும்தான். இடது கை நாலு விரல் நுனியிலும் கத்தியால் கீறின மாதிரி கோடு. புளிரசம் தொட்டால் உயிர் போகிறது. பிறந்ததிலிருந்து கழனி வேலை தெரிந்தவள், கை முழுக்கக் காய்ப்புதான். ஆனால் எல்லாம் அரிவாள் பிடிக்கிற உள்ளங்கையில், கிடார் கேட்கிற இடத்தில் ஒன்றுகூட இல்லை! விடவில்லை. பள்ளி விட்டு வந்ததும் தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். மூன்று வாரத்தில் விரல் நுனி தடித்து, தட்டினால் டிக் டிக்கென்று சத்தம் வந்தது. நாத்தனார் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, “அண்ணி, ஆணி அடிக்கலாம் போல கீது” என்பாள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போர்வை, ஜமக்காளமெல்லாம் ஊறவைத்துப் பகல் முழுக்கத் துவைத்தேன். சாயந்திரம் பார்க்கிறேன், காய்ப்பெல்லாம் வெளுத்து ஊறி, தோலாக உரிந்து வருகிறது. அடியில் பச்சைப் பிள்ளை மாதிரி புதுத்தோல். கிடாரைத் தொட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூன்று வாரப் பாடு போச்சு. மறுபடி முதலிலிருந்து.

அன்றிலிருந்து இடது கையைத் தண்ணீரில் விடுவதில்லை என்று முடிவு. பாத்திரத்தை ஒற்றைக் கையால் துலக்கினேன். துணி? வீட்டுக்காரர் துவைத்தார். பாவம், பம்புசெட்டில் என் புடவையை அவர் கும்மிக்கொண்டிருந்ததைப் பார்த்துப் போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று கேலி செய்தார்கள். “பொண்டாட்டி கிடாரு, புருசன் சலவையா?” அவர் அசரவில்லை. “என் தங்கச்சி கல்யாணம், நான் தோய்க்கிறேன், உனக்கு இன்னா பேஜாரு?” என்று கேட்டார். அன்றைக்கு அந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. மறுபடியும் காய்ப்பு ஏறியது, பாட்டும் விரலில் நின்றது.

இந்த நேரம் பார்த்து நவரைப் போகத்து நெல் நடவு வந்தது. அந்த வருஷம் நல்ல மழை, ஏரி ரொம்பியிருந்தது. எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் நடவு என்றால் ஆளுக்கு எங்கே போவது? ஊர் ஓரத்துக் குடியிருப்புப் பெண்கள்தான் வழக்கமாக எங்களுக்கு நடுவார்கள். அவர்களுக்குக் கொத்து, அதாவது கூலி, பேசுகிற அக்கா வந்து, கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் ஒரே ஒரு நாள் தர முடியும், அதுவும் ஆறு பேர்தான், மிச்சத்துக்கு வீட்டு ஆள் இறங்க வேண்டும் என்றாள். மாமியாருக்கு முழங்கால் வலி. கல்யாணப் பெண் வாசல் தாண்டக் கூடாது. அப்புறம் யார்? நான்தான்.

“முடியாது” என்றேன்.

மாமியார் கத்தவில்லை, அதுதான் கஷ்டம். “நாத்து முத்திப் போச்சும்மா. இன்னும் நாலு நாள் போனா மாட்டுக்குத்தான் போடணும். ஒரு வருசத்துச் சோறு. பாட்டு அன்னிக்கு அரை மணி நேரம்” என்றார். நியாயம்தானே? அதனாலேயே எனக்குக் கோபம் ரெண்டு மடங்கானது.

காலையில் இடது கைக்குப் பால் கவரை மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போட்டுக் கழனியில் இறங்கினேன். இடது கையில் நாற்றுமுடியைக் கட்டோடு பிடித்து, வலது கையால் பிரித்து நடுவதுதான் முறை. கவரில் முடி நிற்குமா? வழுக்கி வழுக்கி விழுந்தது. நடவுக்கு வந்த ஆறு பேரும் ஒரு வரிசை முடித்து அடுத்ததற்குப் போகும்போது நான் பாதியில் நின்றேன். போதாக்குறைக்குக் கவருக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது, ஊறுகாய் ஜாடியில் போட்ட மாதிரி விரல் ஊற ஆரம்பித்தது. கவரைப் பிய்த்து எறிந்து, நாற்றுமுடியைச் சேற்றில் ஓங்கி அடித்து, ஏரியை, நாற்றை, மாகறலை, ஆர்கெஸ்ட்ராக்காரனை, எல்லாரையும் திட்டினேன். நட்டுக்கொண்டிருந்த பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். “டீச்சரம்மா, புள்ளைங்களுக்கும் இதத்தான் சொல்லித் தர்றியா?” என்றாள் அந்த அக்கா.

சிரிப்பு சட்டென்று நின்றது. திரும்பிப் பார்த்தேன். வரப்பில் நாத்தனார். நலங்கு மஞ்சள் முகத்தில் அப்படியே இருந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேராகச் சேற்றில் இறங்கி வந்தாள்.

“அண்ணி, மேல ஏறு.”

“அடி பைத்தியக்காரி, வூட்டுக்குப் போ!”

பின்னாலேயே மாமியார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மூச்சிரைக்க ஓடி வந்தார். “ஐயையோ, கல்யாணப் பொண்ணு சேத்துல எறங்கிட்டாளே! ஊரு இன்னா சொல்லும்? நாலு நாள்ல மணையில ஒக்காரப் போற கை!”

அவள் குனிந்து, நான் அடித்த நாற்றுமுடியை எடுத்து அலசிக்கொண்டே சொன்னாள். “அடுத்த போகத்துக்கு மாகறல்ல அவங்க வூட்டுக் கயனில எறங்கச் சொல்லுவாங்க இல்ல? அப்போ எறங்கலாமாம். இப்போ எங்க அப்பாரு கயனில எறங்கினா மட்டும் தப்பாம்மா?” மாமியார் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நான் மேலே ஏறி, முந்தானையில் விரலைத் துடைத்துத் துடைத்துக் காயவைத்தேன். வெட்கமாக இருந்தது. ஒரு பாட்டுக்காகக் கல்யாணப் பெண்ணைச் சேற்றில் விட்டுவிட்டு நிற்கிறேனே என்று இருந்தது. அவளோ பொழுது சாய்கிறவரை நிமிரவில்லை, வரிசையில் எல்லாருக்கும் முன்னால் போனாள். நான் எல்லாருக்கும் கூழ் கரைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன், வலது கையால்.

ரிசப்ஷன் அன்று மருதாணி போட்டும் அவள் நகக்கண்ணில் சேறு தெரிந்தது. விரல் நுனியெல்லாம் வெடிப்பு. போட்டோக்காரர் கையை மடித்து வைத்துக்கொள்ளச் சொன்னார். அவள் விரித்தே வைத்துக்கொண்டாள்.

நான் மேடையேறி உட்கார்ந்தேன். கிடாருக்குப் பின்னால் என் தலை மட்டும்தான் தெரிந்திருக்கும். முதல் இழுப்பிலேயே மண்டபம் அமைதியானது, பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். பஸ்ஸைத் திட்டுகிற வரி ஒவ்வொன்றுக்கும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சாலவாக்கத்துக்காரர்கள் விசிலடித்தார்கள். கடைசிச் சரணத்துக்கு வந்தேன். அதில்தான் பஸ் ஒருவழியாக வந்து நிற்கும், ஒரே ஒரு ஆளுக்கு இடம் இருக்கும். கட்டினபோது அது வெறும் தமாஷ். வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. நாளைக் கழித்து மறுநாள் காலையில் அந்த பஸ்ஸுக்கு நான் மட்டும் போய் நிற்க வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரெண்டு மாதமாக விரலைக் காபந்து பண்ணினவள், தொண்டையைப் பற்றி யோசிக்கவே இல்லை.

விரல்கள் மட்டும் அவை பாட்டுக்கு வாசித்துக்கொண்டே இருந்தன.

அவள் மாலையோடு எழுந்தாள். மாப்பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டு நேராக என்னிடம் வந்து, மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு மிச்சப் பாட்டை அவளே பாடினாள். கல்யாணப் பெண் தன் ரிசப்ஷனில் தானே பாடி அந்தப் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை. மாப்பிள்ளை முதலில் திருதிருவென்று விழித்தார், அப்புறம் தாளம் போட ஆரம்பித்தார். நான் அழுதுகொண்டே வாசித்தேன். ஒரு கம்பிகூடப் பிசகவில்லை.