ராதாமணி அக்கா வாசலில் மாட்டிய அட்டை

ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: போத்தனூர் பிரவுசிங் சென்டரின் மூன்றாம் நம்பர் மவுஸ், நெடுநாள் நடுக்கத்துக்குப் பின் திங்கட்கிழமை இயற்கை எய்தியது.

மஞ்சள் காமாலையில் படுத்திருந்த ராதாமணி அக்காவிடம் நான் எழுதிய இதை வாசித்துச் சிரிக்க வைக்கத்தான் போன் செய்தேன். எடுத்த அவர் தம்பி மவுஸ் வரைக்கும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அக்கா போயிட்டாங்க கண்ணு."

சென்டரை நடத்திய அக்காவை, இங்கே அஞ்சலிக்கு வந்திருக்கும் உங்களுக்கெல்லாம் தெரியும். பள்ளி விட்டதும் அங்கேயே கிடந்த என்னையும் தெரியும், மன்னிக்கவும்.

அங்கே வந்து கல்யாண சைட்டில் பதிந்த ஒரு பெண்ணின் வீட்டுக்கு, முகம் தெரியாத எவனோ போன் செய்து அவள் ஜாதகத்தை வரிவரியாகப் படித்தான். அவள் அப்பா காலேஜை நிறுத்திவிட்டார். அக்கா கம்ப்யூட்டரைக் குடைந்தார். வந்து போனவரை அடையாளம் காண அந்த சைட் குக்கி என்றொரு சிறு ஃபைலைக் கம்ப்யூட்டரில் விட்டுப்போகும். அதில் மெம்பர் நம்பர் அப்படியே எழுதியிருந்தது. அக்கா ஓர் இலக்கத்தை மாற்றினார். பாஸ்வேர்டு கேட்காமலே வேறொரு பெண்ணின் ஜாதகமும் வீட்டு நம்பரும் திறந்தன.

"பத்துப் பொருத்தம் பாக்கறவங்க ஒரு பூட்டு பாக்கல பாரு கண்ணு."

கம்பெனிக்குச் சொன்னார்; காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாசலில் அட்டை ஏறியது: 'இந்தக் கல்யாண சைட்டுக்குப் பூட்டு இல்லை. பெண்களே, போன் நம்பர் தராதீர்கள்.'

கம்பெனி ஆள் வந்தார். நான் அக்கா பக்கத்திலேயே நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். இதை உங்களிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்!

"ஏனுங்க, அட்டையக் கழட்டிப்போடுங்க. நீங்களும் எங்க மெம்பர்தானுங்களே? டைவர்ஸ் ஆனவங்க மறுபடி மாப்பிள்ளை தேடறீங்கன்னு ஊருக்குத் தெரிஞ்சா நல்லாவா இருக்கும்?"

உட்கார்ந்திருந்தவர்கள் தட்டுவதை நிறுத்தினார்கள். அக்கா ஸ்கெட்ச் பேனாவை எடுத்துப்போய் அட்டையின் அடியில் எழுதினார்: 'நானும் பதிந்திருக்கிறேன். வயது முப்பத்தைந்து. விவாகரத்து ஆனவள். மாப்பிள்ளை தேடுகிறேன். ராதாமணி.'

"இனி எதச் சொல்லி மெரட்டுவீங்க? டீ குடிச்சுட்டுப் போறீங்களா?"

அவர் குடிக்கவில்லை.

காரியம்கூட முடியவில்லை, நேற்று கம்பெனியிலிருந்து போன்: "அவங்கதான் இல்லீங்களே, அட்டை எதுக்குங்க?" பூட்டு இன்னும் இல்லையே, அதற்குத்தானுங்க. கழட்ட மாட்டேன். எழுத்து மழையில் கரைந்தால் அதன்மேலேயே எழுதுவேன். அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த அட்டைதான்.

இன்னொன்று. நெஞ்சை நிமிர்த்தி நின்றேன் என்றேனல்லவா? நிற்கவில்லை. ஒயர் சரிபார்க்கும் பாவனையில் மேசைக்கு அடியில் இருந்தேன். அக்காதான் குனிந்து கூப்பிட்டார்: "அவரு போயிட்டாரு கண்ணு, வெளிய வா."