நாலாவது ஹோலில் எங்கே நின்று அடிப்பது

1. போர்டு

பன்னிரண்டு வருஷம் கோல்ஃப் திடலில் புல் வெட்டிய பிறகு முட்டி தேய்ந்துவிட்டது. அதனால் என்னை ஸ்டார்ட்டர் வேலைக்கு மாற்றினார்கள். மலேசியாவில் ஜெராம் பக்கம், பழைய தோட்டத்து நிலத்தில் போட்ட ஒன்பது ஹோல் கிளப் அது. மூன்று பக்கம் செம்பனை, ஒரு பக்கம் ரோடு. ஸ்டார்ட்டர் என்றால் வருகிறவர்களின் பெயரை எழுதி, நேரம் சொல்லி, நான்கு நான்கு பேராக அனுப்ப வேண்டும். யார் எந்த டீயில் நின்று அடிக்க வேண்டும் என்பதையும் பார்க்க வேண்டும்.

டீ என்பது ஒவ்வொரு ஹோலிலும் முதல் அடி அடிக்கும் இடம். எங்களிடம் இரண்டு இருந்தன. பின்னால் இருப்பது வெள்ளை, ஆண்களுக்கு. முன்னால் இருப்பது சிவப்பு, பெண்களுக்கு. போர்டில் அப்படித்தான் எழுதியிருந்தது.

முதல் நாள் காலையில் ஷாமினி என்ற பெண் வந்தாள். ரவாங்கில் ஒரு ஃபேக்டரியில் இன்ஜினியர். முப்பது வயது இருக்கும்.

“அக்கா, நான் வெள்ளையில ஆடலாமா?”

“முடியாதும்மா. லேடிஸ் சிவப்புலதான்.”

“ஏன்?”

“போர்டுல அப்படித்தான் போட்டிருக்கு.”

“அந்த போர்ட யாரு எழுதுனது?”

“பெயிண்ட் அடிச்சது நான்தான்,” என்றேன்.

அவள் பையைத் தூக்கிக்கொண்டு ஆடப் போனாள். நாலாவது ஹோல் என் பூத்துக்குப் பக்கத்திலேயே இருந்ததால் அவள் அடிப்பதைப் பார்த்தேன். அந்த ஹோலில் குறுக்கே ஒரு பாரிட் ஓடும். தோட்டக் காலத்தில் வெட்டிய பெரிய வாய்க்கால். ஷாமினியின் பந்து அதைத் தாண்டியது, அதற்கப்புறம் இருந்த புல்லையும் தாண்டியது, செம்பனைக்குள் போய் விழுந்தது. சிவப்பு டீ அவளுக்கு அவ்வளவு கிட்டே இருந்தது. ஆட்டம் முடிந்து போகும்போது, “என்னோட டிரைவர பேக்ல இருந்து எடுக்கவே முடியல அக்கா. அலங்காரத்துக்குத் தூக்கிட்டு வரேன்,” என்றாள். டிரைவர் என்பது ரொம்ப தூரம் அடிக்கும் மட்டை.

2. டிரெசர் ஐயா

ராஜமாணிக்கம் ஐயாவுக்கு எழுபத்தாறு வயது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக இருந்தவர். அந்தக் காலத்தில் டாக்டர் மாதம் ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் ஊசி போடுவது, கட்டுப் போடுவது எல்லாம் டிரெசர்தான். நான் பிறந்த லயத்து வீடுகளுக்கெல்லாம் அவர்தான் வைத்தியம். எனக்கு ஒன்பது வயதில் நெஞ்சில் சளி கட்டியபோது மூன்று நாள் வீட்டுக்கே வந்து பார்த்தார்.

புதன்கிழமை தவறாமல் ஆட வருவார். சட்டையை உள்ளே விட்டு, முட்டி வரை காலுறை போட்டு வருவார். வெள்ளை டீயில்தான் நிற்பார். வெள்ளையிலிருந்து பாரிட்டைத் தாண்ட நூற்று நாற்பது மீட்டர் அடிக்க வேண்டும். அவருடைய பந்து நூற்றுப் பதினைந்து போகும். மிச்சத்தைப் பாரிட் எடுத்துக்கொள்ளும். அவர் இன்னொரு பந்தை வைப்பார். அதுவும் போகும். அதற்குள் பின்னால் நான்கு நான்கு பேராக இரண்டு ஃபிளைட் வந்து நின்றுவிடும்.

கிளப் மேனேஜர் சேகரனிடம் இரண்டு பேர் விடாமல் புகார் கொடுத்தார்கள். சேகரன் என்னைக் கூப்பிட்டார்.

“எழுபது தாண்டினவங்க எல்லாம் சிவப்புல ஆடணும், இல்லன்னா போட்டிக்கு வரக்கூடாதுன்னு கமிட்டி ரூல் போடப் போறாங்க சரசு. அதுக்கு முன்னாடி நீயே அவருகிட்ட சொல்லிடு லா. ஒங்க தோட்டத்து ஆளுதானே.”

சொன்னேன். “ஐயா, சும்மா ஒரு நாளைக்கு சிவப்புல ஆடிப் பாருங்களேன்.”

“அது பொம்பளைங்க டீ.”

“வெயிலுக்குக் கொஞ்சம் சுளுவா இருக்கும் ஐயா.”

“எனக்கு இப்ப என்ன கொறைன்னு சொல்ற?”

என்ன குறை என்று எனக்குத் தெரியும். வாயில் வரவில்லை. “ஒன்னுமில்ல ஐயா,” என்றேன்.

3. நான் செய்த வேலை

அடுத்த புதன்கிழமை காலை, ஆள் வருவதற்கு முன் நாலாவது ஹோலுக்குப் போனேன். டீயின் எல்லையைக் காட்டும் இரண்டு வெள்ளை மார்க்கரையும் பிடுங்கி, முப்பது எட்டு முன்னால் கொண்டுபோய் நட்டேன். ஒரு எட்டு கிட்டத்தட்ட ஒரு மீட்டர் வரும். புல் தேயாமல் இருக்க மார்க்கரை இரண்டு மூன்று எட்டு மாற்றி வைப்பது வழக்கம்தான். முப்பது எட்டு வழக்கமில்லை. அன்றைக்குப் போட்டியும் இல்லை. யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்தேன்.

ஐயா வந்தார். அடித்தார். பந்து பாரிட்டைத் தாண்டி அந்தப் பக்கக் கரையில் விழுந்து உருண்டது. அவர் தொப்பியைக் கழற்றி, கொஞ்ச நேரம் அந்தப் பந்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கூட ஆடியவர்கள் கை தட்டினார்கள். பூத்தில் இருந்த எனக்கும் சந்தோஷமாக இருந்தது. நாமும் இவருக்கு ஒன்று செய்தோம் என்று தோன்றியது.

பிறகு அவர் பையை எடுக்கத் திரும்பினார். தூரம் அளந்த இடத்தில் தரையோடு ஒரு இரும்புத் தட்டு பதித்திருக்கும். அதை மார்க்கரோடு நகர்த்த முடியாது. அது பின்னால் தூரத்தில் தெரிந்தது. அவர் அங்கே போய், தட்டிலிருந்து மார்க்கர் வரை எட்டு வைத்து எண்ணினார். கூட வந்தவர்களைப் போகச் சொல்லிவிட்டு என் பூத்துக்கு வந்தார்.

“மார்க்கர யாரு நவுத்துனது?”

“நான்தான் ஐயா. அங்க புல்லு கொஞ்சம் செத்துப் போயி…”

“பொய் சொல்லாத.”

நான் பெயர் எழுதும் நோட்டை மூடினேன்.

“நாப்பது வருஷம் மருந்து குடுத்திருக்கேன் சரசு. எவனுக்கும் வெறும் தண்ணிய மருந்துன்னு குடுத்ததில்ல.”

பையைத் தன் காடியில் வைத்து, ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த புதன்கிழமை வரவில்லை. அதற்கடுத்த புதன்கிழமையும் வரவில்லை. அவர் பெயருக்கு நேராகக் கோடு போட்டுக்கொண்டே இருந்தேன்.

4. கமிட்டி

இரண்டு மாதம் கழித்து ஷாமினிதான் கேட்டாள். “அந்த சாக்ஸ் போட்ட அங்கிள் எங்கக்கா, ஆளையே காணோம்?”

நடந்ததைச் சொன்னேன். யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. அவள் போர்டைப் பார்த்தாள்.

“அவரு ஆம்பளைன்னு பின்னாடி நிக்க வைக்குது இந்த போர்டு. நான் பொம்பளைன்னு முன்னாடி நிக்க வைக்குது. ரெண்டு பேருக்குமே சைஸ் சரியில்லாத சட்டை.”

அன்றே கமிட்டிக்குக் கடிதம் எழுதினாள். கூட்டத்துக்கு என்னையும் சேகரன் வரச் சொன்னார். பெண்கள் பிரிவின் தலைவி மிசஸ் லிம் முதலில் எதிர்த்தார். சிவப்பு டீ போடச் சொல்லி பெண்கள் கேட்டு வாங்கவே பல வருஷம் ஆனதாம். இப்போது யார் வேண்டுமானாலும் நிற்கலாம் என்றால், நாளைக்குத் தனி டீ தேவையில்லை என்று அதையும் எடுத்துவிடுவீர்கள் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. போட்டியில் ஒவ்வொருவர் திறமைக்கும் ஏற்ப அடிகளைக் கழித்துக் கொடுப்பார்கள். அதுதான் ஹேண்டிகேப். வெள்ளையிலிருந்து பெண்களுக்கும், சிவப்பிலிருந்து ஆண்களுக்கும் அந்தக் கணக்கை எங்கள் கிளப் எடுத்து வைக்கவே இல்லை.

சேகரன் என் பக்கம் திரும்பினார். “சரசு, நீ என்ன சொல்ற?”

“எனக்கு கோல்ஃப் ஆடத் தெரியாது. ஆனா பன்னெண்டு வருஷம் அந்தப் பாரிட்ட நான்தான் சுத்தம் பண்ணேன். அதுல கெடக்குற பந்தெல்லாம் டிரெசர் ஐயாவோடது இல்ல. இங்க உக்காந்திருக்கிறவங்க பந்தும் நெறைய கெடக்குது.”

ஒருவர் தண்ணீர் குடித்தார்.

கடைசியில் மூன்று முடிவு எடுத்தார்கள். அளக்கும் ஆட்களை வரவழைத்து, இரண்டு டீக்கும் ஆண் பெண் இரு தரப்புக்கும் கணக்கு எடுப்பது. சிவப்பு டீயை ஒருபோதும் எடுப்பதில்லை என்று மினிட்ஸில் எழுதி மிசஸ் லிம்மிடம் கையெழுத்து வாங்குவது. டீக்குப் பெயர் வேண்டாம், முன்னால் இருப்பது ஒன்று, பின்னால் இருப்பது இரண்டு என்று நம்பர் போடுவது. எழுபது வயது ரூலைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. புது போர்டுக்கும் நான்தான் பெயிண்ட் அடித்தேன். ஆண், பெண், வயது எதுவும் அதில் இல்லை. ‘உங்கள் டிரைவர் எவ்வளவு தூரம் போகும்?’ என்ற கேள்வியும், இரண்டு நம்பரும், ஒவ்வொன்றுக்கும் உரிய தூரமும் மட்டும்தான்.

5. அசாம் ஜாவா

ஐயாவின் வீடு அசாம் ஜாவாவில். புது போர்டை மாட்டிய பிறகு அங்கே போனேன். அவர் மனைவி பால் இல்லாத கோப்பி ஓ கொண்டுவந்து வைத்துவிட்டு, “பொதன்கெழம ஆனா வீட்டுக்குள்ளயே நடந்துக்கிட்டு இருக்காரு. கூட்டிட்டுப் போ தாயி,” என்று சொல்லி உள்ளே போனார்.

“ஐயா, நான் செஞ்சது தப்பு,” என்றேன்.

“தப்புதான்,” என்றார். பிறகு, “நீ நேரா வந்து, ஐயா ஒங்களால முடியலன்னு சொல்லியிருந்தா திட்டியிருப்பேன். ஆனா மறுவாரம் வந்திருப்பேன்,” என்றார்.

“ஐயா, நாலாவது ஹோல்ல வெள்ளையில இருந்து ஒங்களால முடியல.”

நிமிர்ந்து பார்த்தார். திட்டினார். ஐந்து நிமிஷம் இருக்கும். கோப்பி ஆறிப்போயிற்று. பிறகு புது போர்டைப் பற்றிச் சொன்னேன். ஒவ்வொன்றாகக் கேட்டார்.

“அப்ப அது கெழவங்க டீ இல்ல?”

“இல்ல ஐயா. நம்பர் ஒன்னு.”

“போட்டி என்னிக்கு?”

6. போட்டி

அந்த மாதப் போட்டிக்கு வந்த ஆண்களில் பாதிப் பேர் ஒன்றாம் நம்பரில் நிற்க வேண்டியவர்கள். ஒருவரும் கேட்கவில்லை. டிரைவர் எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டேன். எல்லோரும் இருநூறு என்றார்கள்.

ஐயா வந்தார். போர்டை இரண்டு தடவை படித்தார். பின்னால் வரிசையில் ஆள் நின்றார்கள்.

“நூத்திப் பதினஞ்சு,” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். “ஒன்னு போடு.”

எழுதினேன். அடுத்து ஷாமினி. “ரெண்டு,” என்றாள். இரண்டு பேரும் ஒரே ஃபிளைட்.

நாலாவது ஹோலில் முதலில் ஷாமினி பின்னாலிருந்து அடித்தாள். டிரைவரை எடுத்திருந்தாள். பந்து புல் நடுவில் நின்றது. பிறகு ஐயா முன்னால் நடந்து போய் அடித்தார். பாரிட்டைத் தாண்டியது. இந்தத் தடவை அவர் தொப்பியைக் கழற்றவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு பாலத்தில் நடந்தார்.

இரண்டு பேரும் ஜெயிக்கவில்லை. ஐயா பதினொன்றாவது வந்தார். அவர் மெதுவாக ஆடுகிறார் என்று முன்பு புகார் கொடுத்த இருவரும் அவருக்குப் பின்னால் வந்தார்கள். அவருக்குச் சலுகை காட்டுகிறோம் என்று இப்போது புகார் கொடுக்க வந்தார்கள். ஃபாரம் எடுத்துக் கொடுத்தேன். அடுத்த மாதம் அந்த இருவரில் ஒருவர் சீக்கிரமே வந்து, பக்கத்தில் யாருமில்லை என்று பார்த்துவிட்டு, “ஒன்னு,” என்றார்.

போன வருஷம் நான் வேலையை விட்டேன். இப்போது ஸ்டார்ட்டர் வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை. நரைத்த தலையைப் பார்த்தோ, பாவாடையைப் பார்த்தோ டீயைச் சொல்லாதீர்கள். எவ்வளவு தூரம் அடிப்பீர்கள் என்று கேளுங்கள். ஆண்கள் சொல்லும் தூரத்தில் ஐம்பது மீட்டர் கழித்துக்கொள்ளுங்கள். யாருக்காவது ஆட்டத்தைச் சுலபமாக்க நினைத்தால், அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். திட்டு விழும். வாங்கிக்கொள்ளுங்கள். அதுவும் வேலையில் சேர்ந்ததுதான்.