ராய்ஸ் வண்டியை நிறுத்திய இடம்

ராய்ஸ் ஆம்டால் கழிவுத்தொட்டி லாரி ஓட்டினான். வயோமிங்கில் எங்கள் ஊரில் எவன் வீட்டுத் தொட்டி எப்போது நிறையும் என்பது அவனுக்கு அத்துப்படி. அவன் எங்கே வேட்டையாடுகிறான் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. எங்களிடம் சம்பளம் எவ்வளவு என்றுகூடக் கேட்கலாம், வேட்டை இடத்தைக் கேட்கக்கூடாது. கேட்டால் பொய்தான் வரும்.

"இந்த வருஷம் எங்கடா?" என்று நானும் கேட்டுப் பார்த்தேன்.

"சுடுகாட்டுக்குப் பின்னாடி. ஒரு பய தொந்தரவு கிடையாது."

குளிர்காலம் முழுக்க அவன் வீட்டுச் சமையலறை மேசையில் வரைபடம் விரிந்து கிடக்கும். சாலையிலிருந்து மூன்று மைலுக்குள் இருக்கும் இடங்களை முதலில் கோடு போட்டு அடித்துவிடுவான். அதெல்லாம் சோம்பேறிகளுக்கு. தண்ணீர் பக்கத்திலிருக்கும் வடக்குச் சரிவில், அடர்ந்த மரங்களுக்குள் எல்க் மான் பகலில் படுத்திருக்கும். கழுதைக் காதுள்ள மியூல் மான் அதற்கும் மேலே வெட்டவெளி மேட்டில் நிற்கும். இரண்டும் இருக்கிற ஒரு பள்ளத்தை அவன் கண்டுபிடித்திருந்தான். சுட்டதை முதுகில் சுமந்து ஏறி வர முடியுமா என்பதைத்தான் கடைசியாகப் பார்ப்பான். முடியாதென்றால் எவ்வளவு நல்ல இடமானாலும் வேண்டாம்.

வண்டியை வில்லோ ஓடைப் பக்கம் நிறுத்திவிட்டு, முகட்டைத் தாண்டி மறுபக்கம் இறங்குவது அவன் வழக்கம். வண்டியைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் வில்லோ ஓடையில் சுற்றி ஏமாறட்டும் என்று. மனைவி லோரீனிடமும் வில்லோ ஓடை என்றே சொல்வான். அவள் தன் தம்பிகளிடம் உளறிவிடுவாளாம்.

எனக்கு அந்தப் பள்ளம் தெரியும். இரண்டு வருடம் முன்பு அவன் பூட்ஸ் தடத்தைப் பிடித்துத் திருட்டுத்தனமாகப் போனேன். அவன் ஊர் திரும்பியதும் அங்கேயே ஒரு மியூல் மான் அடித்தேன். எங்கள் ஊரில் அடுத்தவன் பணத்தைத் திருடியவனோடுகூட உட்கார்ந்து பீர் குடிப்பார்கள், இதைச் செய்தவனோடு குடிக்க மாட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

1988 அக்டோபர். வெள்ளிக்கிழமை வேட்டைக்குப் போன ராய்ஸ் ஞாயிறு திரும்பவில்லை. பனி கொட்டியது. திங்கள் காலை வில்லோ ஓடையில் அவன் வண்டியைக் கண்டார்கள். நாற்பது பேர் தேடினோம். அவன் இல்லாத இடம் என்று தெரிந்தே நானும் தொண்டை கிழிய அவன் பேரைச் சொல்லிக் கத்தினேன்.

லோரீன் எல்லோருக்கும் காப்பி ஊற்றிக்கொண்டு வந்தாள். "வெர்ன், நீதான் அவருக்கு நெருக்கம். வேற எங்கயாச்சும் போயிருப்பாரா?"

"தெரியலியே லோரீன்."

ராய்ஸ் கெட்டிக்காரன், தானே நடந்து வந்துவிடுவான், என் மானமும் பிழைக்கும் என்று கணக்குப் போட்டேன். நாய்க்குக்கூட அந்தப் புத்தி வராது. செவ்வாய் மதியம்தான் தேடல் தலைவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் குதிரையைத் திருப்பினார்.

பள்ளத்தில் எல்க் இறைச்சி துணி சுற்றி ஒழுங்காக மரத்தில் தொங்கியது. கீழே கால் முறிந்து ராய்ஸ் கிடந்தான். உயிர் இல்லை. அவன் மூட்டிய நெருப்பின் சாம்பலில் இன்னும் சூடு இருந்தது. வரைபடத்தின் பின்னால் பென்சிலில் எழுதியிருந்தான்:

"ஞாயிறு. கால் போச்சு. பரவால்ல, வெர்னுக்கு இந்த இடம் தெரியும். அவன் தடத்த அப்பவே பாத்தேன், கேக்கல. அவன் வந்துருவான்."

அதற்குக் கீழே, கோணல்மாணலாக: "செவ்வாய் காலைல. வெர்ன் இன்னும் வரல."

அவனைத் தூக்க என்னை யாரும் விடவில்லை. இறைச்சியை வீணாக்கக்கூடாதே, அதை என் முதுகில் ஏற்றினார்கள். நான்கு நடை நடந்தேன். அழுதுகொண்டேதான் நடந்தேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் அந்த இறைச்சியோடு லோரீன் வீட்டு வாசலில் நின்றேன்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?" என்றாள்.

"ரெண்டு வருஷமா."

"அதக் கேக்கல. நான் காப்பி குடுத்தேனே, அப்பத் தெரியுமா?"

"தெரியும்."

என் கையிலிருந்த இறைச்சி மூட்டையைப் பார்த்தாள்.

"அவரு எடத்த எடுத்துக்கிட்டல்ல, இதையும் நீயே தின்னு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.