அண்ணனின் பேஸ் கிட்டாரைச் சரிசெய்து கொடுத்தார்கள்

இன்று நடந்ததை எதையும் கூட்டாமல், மறைக்காமல் எழுதுகிறேன்.

போன வருடம் விபத்தில் இறந்துபோன என் அண்ணனின் பேஸ் கிட்டாரில் ஒரு கம்பி அறுந்துவிட்டது. "அவன் வெச்சிருந்த மாதிரியே இருக்கணும்டி" என்று சொல்லித்தான் அம்மா கொடுத்தனுப்பினாள். கரையான்சாவடியில் ஒரு கிட்டார் கடையில் கொடுத்துவிட்டு டியூஷனுக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது பேஸ் வாசிக்கும் இரண்டு பேர் அதைச் சுற்றி நின்றிருந்தார்கள். எல்லாக் கம்பியையும் மாற்றிவிடலாம் என்றார் ஒருவர்.

"இன்னா மாமே நீ, பழைய கம்பிலதான் சவுண்டு கும்முனு கீது" என்றார் மற்றவர்.

கடைக்கார அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "வீடியோ பாத்து நீயே மாட்னியாம்மா? கம்பியெல்லாம் தலைகீழ் வரிசைல இருந்துச்சு. கயட்டி, கரெக்டா மாட்டிட்டோம்."

ஒருவர் வலக்கையால் வாசித்துக் காட்டினார். நன்றாகத்தான் இருந்தது.

என் அண்ணனுக்கு இடக்கைப் பழக்கம். கிட்டாரைத் திருப்பிப் பிடித்து வாசிப்பதற்காக அவனேதான் கம்பிகளை அப்படி மாற்றி மாட்டியிருந்தான்.

அவர்கள் முகத்திலிருந்த சந்தோஷத்தைப் பார்த்து, "ரொம்ப தேங்க்ஸ்ண்ணா" என்று மட்டும் சொன்னேன்.

அம்மா தினமும் அதைத் துடைக்கிறாள். பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவாள்.

இதைப் படிப்பவர்களில் இடக்கையால் பேஸ் வாசிப்பவர்கள் யாராவது இருந்தால், கம்பிகளை எப்படி மாற்றி மாட்டுவது என்று சொல்லுங்கள். இவ்வளவு அக்கறையாகச் சரிசெய்தவர்களிடம், மறுபடியும் தப்பாக மாட்டித் தாருங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இன்னும் கடை வாசலில்தான் நிற்கிறேன். உள்ளே விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.