வேப்பங்குற்றியில் இரண்டு தட்டு

நம்பாதவர்கள் ஒட்டுசுட்டானுக்கு வந்து விஜிதரனையே கேட்கலாம். அவன் வாய் திறக்க மாட்டான். ஆனால் எங்கேயாவது மரம் அறுக்கும் செயின் சோ சத்தம் கேட்டால் அவன் முகம் போகிற போக்கைப் பாருங்கள். இதில் ஒரு சொல்லையும் நான் சோடிக்கவில்லை.

ராஜினியின் பாஸ்போர்ட் அலுமாரிக்குள் தயாராக இருந்தது. இரண்டு போகம் தொடர்ந்து வயலை யானை தின்றுவிட்டது. "வேற வழியில்லையப்பா, நான் குவைத்துக்குப் போறன்" என்றாள். மனைவியை யாரோ ஒருவனின் குசினியில் சமைக்க அனுப்ப அவனுக்கு மனம் வரவில்லை. மரம் விழுந்த வீட்டு வளவுக்கே போய்ப் பலகை அரிந்து கொடுத்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். மரத்தை ஆலைக்கு ஏற்றிப்போக இங்கே யாரிடம் காசிருக்கிறது?

புளியங்குளத்துக் கடையில் புதுச் சின்னச் செயின் சோ மெசின் ஒன்று பளபளவென்று இருந்தது. விறகு வெட்ட அது போதும். பலகைக்கு மரக்குற்றியை நீளவாக்கில் அரிய வேண்டும். சின்ன இஞ்சின் பாதி வழியில் சூடேறிச் செத்துப்போகும். பெரிய மெசினைப் புதிதாக வாங்க அவனுக்கு வக்கில்லை. கொக்கிளாயில் லோறன்ஸ் என்பவர் தன் பழைய பெரிய மெசினைப் பலகை அரியும் சட்டத்தோடு விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனான். ஒரே இழுவையில் ஸ்டார்ட் ஆனது. லோறன்ஸ் பேரமே பேசவில்லை. சனியன் தொலைந்தது என்பதுபோல் தூக்கிக் கையில் கொடுத்தார்.

முதல் வேலை வடிவம்மாவின் வளவில். காற்றுக்குச் சாய்ந்த பெரிய வேம்பு. எங்கள் பக்கத்து மரங்களுக்குள் சண்டைக்காலத்துச் செல் குண்டின் துண்டு இருக்கும், வாள் அதில் பட்டால் செயின் அறுந்து பறக்கும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பட்டையில் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் வாள் வைப்போம். அவனும் தேய்த்தான். காந்தம் ஒட்டவில்லை. ஆழத்தில் கிடப்பதைக் காந்தம் பிடிக்காது என்பதை அவன் யோசிக்கவில்லை.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அரிய, மற்றவர் பின்னால் பிளவில் ஆப்பு அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மரம் வாளை இறுக்கிவிடும். சத்தத்தில் பேச்சு எடுபடாது. குற்றியில் இரண்டு தட்டுத் தட்டினால் 'நிப்பாட்டு' என்று அர்த்தம். கூலிக்கு ஆள் பிடிக்க வழியில்லாததால் அவன் தனியாகவே தொடங்கினான்.

முதல் பலகை முடிந்தது. திரும்பிப் பார்த்தான். பிளவில் இரண்டு ஆப்புகள் இறுகி நின்றன. ஒன்றை அவன் அடித்திருந்தான். மற்றது...?

மறந்திருப்பேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான்.

இரண்டாவது பலகை. பாதி வழியில் குற்றி அதிர்ந்தது. டொக். டொக். காதுமூடிக்குள் கேட்கவில்லை, முழங்காலில் உணர்ந்தான். நிறுத்தினான். வளவில் ஒருவரும் இல்லை. வாளுக்கு நேர் முன்னால் கோடரியால் கொத்தினான். விரல் நீளத்தில் செல் துண்டு ஒன்று.

அதைத் தோண்டி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். பயத்தைவிட நன்றிதான் அதிகம். மூன்று நாள் அந்தத் தட்டு அவனைக் காப்பாற்றியது. பலகையைப் பார்த்தவர்கள் இன்னும் மூன்று மரம் அரியச் சொன்னார்கள். ராஜினி சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவு காலம்! "ஏன் தனியக் கிடந்து மாயுறீங்கள்? நான் வந்து ஆப்படிக்கிறன்" என்றாள். தட்டைப் பற்றி அவன் அவளிடம் மூச்சும் விடவில்லை.

மறுநாள் உச்சி வெயில். இலை அசையவில்லை. ராஜினி குற்றியின் மறுமுனையில் நின்றாள்.

டொக். டொக்.

ராஜினிதான் என்று நினைத்து நிமிர்ந்தான். அவள் இரண்டு கையாலும் போத்தலைப் பிடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். சுத்தியல் நிலத்தில் கிடந்தது.

மெசினை நிறுத்தினான். காதுமூடியைக் கழற்றினான்.

டொக். டொக். டொக். டொக்...

அவள் பக்கத்திலிருந்து. மிக அருகிலிருந்து.

"என்னப்பா, ஏன் நிப்பாட்டினீங்கள்?"

அவளுக்குக் கேட்கவில்லை.

"அங்கால போ ராஜினி! போ!"

அவள் திடுக்கிட்டு விலகினாள். அவன் வாளைத் தூக்கிப் பார்த்தான். செயினின் ஒரு கண்ணி வெடித்து நூலிழையில் நின்றது. நேரே அவள் நெஞ்சுக்குத்தான் பறந்திருக்கும்.

அவள் நின்ற இடத்து மரத்தூளில் அவளுடைய செருப்புத் தடம். அதற்கு முன்னால்... வெறுங்கால் தடம் இரண்டு. விரல்கள் அவளைப் பார்த்தபடி.

அடுத்த நாள் விடிந்ததும் மெசினோடு கொக்கிளாய்க்குப் போனான். இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்தச் சின்ன மெசினையாவது வாங்கலாம் என்ற எண்ணம். லோறன்ஸ் மெசினைத் தொடவில்லை.

"தட்டிச்சோ?"

"ஓம்."

"என்ர மனிசியின்ர பேர் புனிதம். அவாதான் எனக்கு ஆப்படிச்சவா. செயின் அறுந்து..." அவர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"இந்த மெசினிலயோ?"

"இல்லைத் தம்பி. அதை அண்டைக்கே களப்புத் தண்ணியில எறிஞ்சிட்டன். இது பிறகு வாங்கினது. இதுக்கும் வந்தவா. எதை வாங்கினாலும் வந்தவா. உங்களுக்கு வித்த நாளிலயிருந்துதான் என்னட்ட வாறேல்லை."

விஜிதரன் மெசினை நிலத்தில் இறக்கி வைத்தான். "ஆனா... அவா காப்பாத்தினவா, அண்ணை."

லோறன்ஸ் அவனை முதல்முறையாக நேருக்கு நேர் பார்த்தார்.

"புனிதம் நிண்ட இடத்தில பிறகு என்ர தம்பி நிண்டவன். அவனையும் நல்லாத்தான் காப்பாத்தினவா. நாங்களும் தட்டை நம்பி வேலை செய்தனாங்கள். ஒரு நாள் தட்டேல்லை."

அவன் வெறுங்கையோடு வீடு வந்து சேர்ந்தபோது ராஜினி வாசலில் நின்றாள். கையில் சுத்தியல்.

"மெசினைக் குடுத்திட்டீங்களோ? பரவாயில்லை, அந்தச் சின்னதை வாங்குவம். நானும் கூட நிக்கிறன்தானே."

எதை வாங்கினாலும் வந்தவா என்று லோறன்ஸ் சொன்னது காதில் நிற்க, அவன் அவளைத் தாண்டிப் போய் அலுமாரியைத் திறந்தான். பாஸ்போர்ட்டை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"நீ குவைத்துக்குப் போ."

ஏன் என்று அவள் கேட்டாள். இன்றுவரை அவன் சொல்லவில்லை.