சொக்கம்மாள் தெலுங்கு அக்கா ஆனாள்

விம்கோ நகரில் ரெஜினா நடத்தும் மாண்டிசோரி பள்ளியில் ஆயாவாகச் சேர்ந்தபோது சொக்கம்மாளுக்கு நாற்பத்திரண்டு வயது. அதற்கு முன் பன்னிரண்டு வருடம் மணலியில், டேங்கர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலையோரத்தில் இட்லிக்கடை வைத்திருந்தாள். சாலையை அகலப்படுத்தியபோது கடை போயிற்று. இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் பள்ளி வாசலில் ‘ஆயா தேவை’ என்ற அட்டையைப் பார்த்து உள்ளே நுழைந்துவிட்டாள்.

பள்ளி அவளுக்கு விநோதமாக இருந்தது. பெஞ்சு இல்லை, பிரம்பு இல்லை. மூன்று வயதுப் பிள்ளைகள் தாங்களே பாய் விரித்து, அலமாரியிலிருந்து பொருளை எடுத்து வேலை செய்தார்கள். மாடியில் பதினைந்து வயதுப் பிள்ளைகள் ரம்பமும் தராசுமாகத் திரிந்தார்கள். ஆசிரியைகளோ ஆளுக்கு ஒரு மொழிதான் பேசினார்கள். ஒருவர் தமிழ், ஒருவர் ஆங்கிலம், ஒருவர் இந்தி, ஒருவர் தெலுங்கு. ‘இவங்களுக்குள்ள எதுனா பேஜாரா?’ என்று முதல் வாரம் அவள் சந்தேகப்பட்டதுண்டு. பிள்ளைகள் நாலு மொழியையும் கேட்டுப் பழகத்தான் அந்த ஏற்பாடு என்று பிறகுதான் புரிந்தது.

ஜூலையில் தெலுங்கு ஆசிரியை பத்மலதா பிரசவத்துக்குப் போனார். அதே வாரம் நெல்லூரிலிருந்து லாஸ்யா வந்து சேர்ந்தாள். நாலு வயது. தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. ஒன்பது மணிக்குத் தொடங்கிய அழுகை பத்தரை ஆகியும் ஓயவில்லை. தரை துடைத்துக்கொண்டிருந்த சொக்கம்மாள் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, குழந்தையின் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

“ஏந்தம்மா, ரா ரா. அக்கட பெத்த சேப்ப உந்தி, சூத்தாமா?”

அங்கே பெரிய மீன் இருக்கிறது, பார்க்கலாமா என்று தன் மொழியில் ஒருத்தி கேட்டதும் லாஸ்யா விக்கலோடு எழுந்தாள். இருவரும் மீன் தொட்டியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றார்கள். வாசலில் நின்று பார்த்த ரெஜினாவுக்குக் கண் விரிந்தது.

“அக்கா, தெலுங்கு எங்க கத்துக்கிட்டீங்க?”

“எங்க கத்துக்கறது மிஸ்ஸு? நெல்லூர் வண்டி, வைசாக் வண்டி, அல்லாம் நம்ம கடையாண்டதான் நிக்கும். சட்னி குடுத்து, சண்டை போட்டு, தானா வந்துச்சு. இந்தி கூட வரும்.”

“அப்ப மாப்புக்கு வேற ஆள் பாத்துக்கறேன். நாளையிலேர்ந்து நீங்கதான் தெலுங்கு அக்கா.”

“இன்னா மிஸ்ஸு, வெள்ளாடுறியா? எனக்குப் பேசத்தான் வரும். தெலுங்குல ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாது!”

“இந்தப் பிள்ளைங்களுக்கும்தான் தெரியாது. அவங்க எப்படிப் படிக்கிறாங்களோ, அப்படியே நீங்களும் படிங்க.”

பயமா சந்தோஷமா என்று அன்று சொக்கம்மாளுக்கே தெரியவில்லை.

உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி, பலகையில் ஒட்டிய தெலுங்கு அட்டைகளை மாடிப் பிள்ளைகள் ஏற்கெனவே செய்து ஒரு பெட்டியில் வைத்திருந்தார்கள்; பக்கத்திலேயே இந்தி அட்டைகளுக்கும் ஒரு பெட்டி இருந்தது. அந்தச் சொரசொரப்பின் மேல் இரண்டு விரலை ஓட்ட வேண்டும், ஓட்டும்போதே ஒலியைச் சொல்ல வேண்டும். தினமும் மூன்றரை மணிக்குப் பிள்ளைகள் போனபின், பத்மலதா கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வீடியோவில் வந்து ஒலிகளைச் சொல்லிக்கொடுத்தார். “அல்லாம் ஒரே மூஞ்சியா கீது!” என்று சொக்கம்மாள் அலுத்துக்கொண்டாலும் விரல் நிற்காது. ஒருநாள் பகலில் லாஸ்யா அவள் விரலைப் பிடித்து, “அலா காது, இலா” என்று, அப்படியில்லை இப்படி என, சுழியைத் திருத்தினாள். சொக்கம்மாள் பணிவாக மறுபடி ஓட்டினாள்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை ஷேர் ஆட்டோவில் மணலிக்குப் போய்க்கொண்டிருந்தாள். நெரிசலில் ஆட்டோ நின்றது. எதிரே ஆந்திர லாரியின் முதுகு. அதில் மஞ்சள் பெயின்ட்டில் பெரிய எழுத்துகள். அவள் விரல் தானாகத் தொடையில் கோடு போட்டது. அ... ம்ம... தீ... வெ... ன.

“அம்ம தீவென!” என்று கத்தியே விட்டாள். பக்கத்திலிருந்த அம்மாள் திடுக்கிட்டாள்.

“இன்னாம்மா ஆச்சு?”

“அம்மாவோட ஆசீர்வாதம்னு எழுதிகீது! பன்னெண்டு வருஷமா அது கம்பெனி பேருன்னு நெனச்சுகினு இருந்தேம்மா!”

ஆட்டோ முழுக்கச் சிரிப்பு. டிரைவர் நகரப் பார்த்தார். “நைனா, இரு இரு, பக்கத்து வண்டியப் படிச்சுடறேன்!” என்று அவர் தோளைத் தட்டினாள். அவரும் நிறுத்தினார். பின்னால் ஹாரன் அடித்தவர்களை அவள் சட்டை செய்யவேயில்லை. அங்கிருந்தே ரெஜினாவுக்குப் போன் போட்டாள். பேச வந்தது பாதி, அழுகை பாதி.

ஜனவரியில் பத்மலதா திரும்பி வந்தார். சொக்கம்மாளை ரெஜினா மாப்புக்கு அனுப்பவில்லை, தெலுங்கு அறையில் இருவரும் இருக்கட்டும் என்றுவிட்டாள். மாண்டிசோரி பயிற்சியில் சேரப் பள்ளிப் படிப்பு முடித்திருக்க வேண்டும் என்று தெரிந்ததும், எட்டாவதோடு நின்ற சொக்கம்மாள் முதல் படியாகத் தனித்தேர்வராகப் பத்தாவது எழுத விண்ணப்பம் போட்டாள்.

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்ட கையோடு ரெஜினாவின் மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“மிஸ்ஸு, அந்த இந்திப் பொட்டிய எப்போ தொறக்கப் போற?”