சிவில் என்று எழுது

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருஷம் நான் இண்டர்மீடியட் தேறினேன். கணக்கிலும் பௌதிகத்திலும் எங்கள் காலேஜில் எனக்குத்தான் முதல் மார்க். சென்னை இஞ்சினீயரிங் காலேஜில் நிச்சயம் இடம் கிடைக்கும் என்று வாத்தியார்கள் சொன்னார்கள். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் எங்கள் வீடு. அப்பா டவுனில் ஒரு ஹைஸ்கூலில் சமஸ்கிருத பண்டிதர். ஐந்து குழந்தைகளில் நான் மூத்தவன். என்னைச் சென்னையில் வைத்துப் படிக்கவைக்க அவரால் முடியாது என்பது அவர் சொல்லாமலே எனக்குத் தெரியும்.

அந்த வயதில் எனக்கு மின்சாரத்தின் மேல் பைத்தியம். டவுனில் ஒரு சினிமாக் கொட்டகைக்குப் பின்னால் ஆயில் இஞ்சினும் டைனமோவும் ஓடும் ஷெட் இருந்தது. காலேஜ் விட்டதும் அங்கே போய் நிற்பேன். உள்ளே என்ன படம் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஷெட்டைப் பார்த்துக்கொண்ட ராவுத்தர், "தம்பி, பெல்ட் பக்கம் மட்டும் வராதீங்க" என்பார். மற்றபடி என்னைத் துரத்தமாட்டார். ஒரு சக்கரம் சுற்றுவதால் தூரத்தில் எங்கேயோ ஒரு விளக்கு எரிகிறது என்பது எனக்கு அலுக்கவே இல்லை.

இஞ்சினீயரிங் காலேஜிலிருந்து பாடத்திட்டப் புத்தகமும் விண்ணப்பமும் வந்தன. முதல் டெர்மில் கணக்கு, டிராயிங், ஒர்க்ஷாப் ஆகியவை எல்லோருக்கும் பொது. மீதிப் பாடங்கள் நாம் எடுக்கும் பிரிவைப் பொறுத்தவை. சிவில் என்றால் சர்வேயும் கட்டடப் பொருள்களும். எலெக்ட்ரிகல் என்றால் மின்சாரம், காந்தம், இஞ்சின்கள். எந்தப் பிரிவு வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே எழுத வேண்டும். எலெக்ட்ரிகலில் இடங்கள் மிகக் குறைவு. மார்க்கைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

என்னோடு ஒரே பெஞ்சில் லேபரட்டரியில் வேலை செய்த ஒருவன் இருந்தான். அவன் அப்பா பி.டபிள்யூ.டி.யில் எக்ஸிக்யூடிவ் இஞ்சினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்டோன்மெண்டில் தோட்டத்தோடு பங்களா. அவனும் அதே காலேஜுக்கு விண்ணப்பிப்பதாக இருந்தான். கோடையில் காவேரி வற்றிக் கிடந்தது. வெயில் தாழ்ந்ததும் இருவரும் மணலில் போய் உட்கார்ந்து பாடங்களைப் பற்றிப் பேசுவோம். நான்தான் பேசுவேன். முதல் டெர்மில் எலெக்ட்ரிகல்காரனுக்கு எது கடினமாக இருக்கும், போவதற்கு முன்பே எந்தக் கணக்குகளைப் போட்டுப் பழக வேண்டும், டிராயிங்கை முதல் வாரத்திலேயே முடித்துக்கொண்டு மாலைகளை லேபரட்டரிக்கு எப்படி ஒதுக்கலாம் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போவேன். அவன் நிறுத்தி நிறுத்தித் திரும்பக் கேட்பான். தனக்கு சிவில்தான், அப்பா வழி, என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தான். சிநேகிதத்துக்காகக் கேட்கிறான் என்று நினைத்தேன்.

வைகாசி பிறந்ததும் அவன் அப்பா எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். தம் பெண்ணை எனக்குக் கொடுப்பதாகவும், என் படிப்பைத் தாமே பார்த்துக்கொள்வதாகவும் சொல்லி அனுப்பியிருந்தார். அப்பா அன்று கோயிலுக்குப் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்தார். அம்மா அழுதாள், சந்தோஷத்தில்தான். அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பதினைந்து வயது என்பதைத் தவிர அவளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.

மறுவாரம் அப்பாவும் நானும் கண்டோன்மெண்டுக்குப் போனோம். சிநேகிதனின் அப்பா எங்களை உட்காரவைத்து, கொண்டுவரச் சொல்லியிருந்த விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தார். பிரிவு என்ற இடத்தை நான் நிரப்பவில்லை. தம்முடைய பேனாவைத் திறந்து என்னிடம் நீட்டினார்.

"எலெக்ட்ரிகல்லாம் நேத்து வந்த படிப்பு. நாளைக்கு என்னாகுமோ யாருக்குத் தெரியும்? காவேரி இருக்கற வரைக்கும் பி.டபிள்யூ.டி. இருக்கும். சிவில்னு எழுது."

எனக்கு மின்சாரம்தான் இஷ்டம் என்று சொன்னேன்.

"இஷ்டத்துக்குப் படிக்கறதுன்னா உங்காத்து ரேழியிலேயே உக்காந்து படிக்கலாம். என் பிள்ளையும் சிவில்தான் எடுத்துக்கறான். ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருந்து படிங்கோ. அவனுக்கும் நீ ஒரு துணை."

நான் அப்பாவைப் பார்த்தேன். சமஸ்கிருதத்தில் எந்தச் சபையிலும் எதிர்வாதம் செய்யக்கூடியவர், மேஜைமேல் இருந்த வெற்றிலைத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பெரியவா சொல்றா. யோசிச்சுத்தான் சொல்லுவா" என்றார் மெதுவாக. நான் எழுதினேன். குதிரை வண்டியில் காவேரிப் பாலம் வழியாகத் திரும்பினோம். பாலத்தைத் தாண்டியதும் அப்பா, சிவிலும் நல்ல படிப்புதானே என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஆனியில் கல்யாணம் நடந்தது. நாலு நாளும், இப்போது மைத்துனனாகிவிட்ட சிநேகிதன் என் பக்கத்திலேயே இருந்தான். எனக்குப் பிடிக்காத பாயசத்தைத் தன் இலைக்கு வாங்கிக்கொண்டான். அவனைப் போல ஒரு மைத்துனன் கிடைக்க நான் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று என் அத்தை சொன்னாள். பெண் தன் பிறந்த வீட்டிலேயே இருந்தாள்; நான் படிப்பு முடித்துத்தான் குடித்தனம் என்று ஏற்பாடு.

காலேஜ் திறக்கும் சமயம் மைத்துனனும் நானும் திருச்சி ஜங்ஷனில் ரயில் ஏறப் போனோம். மாமனார் தெரிந்த அதிகாரி ஒருவரோடு பிளாட்பாரத்தின் கோடியில் பேசிக்கொண்டிருந்தார். பெட்டிகளை ஏற்றிவிட்டு, சர்வே வகுப்புக்கு இருவருக்கும் சேர்த்து ஒரே புத்தகம் வாங்கினால் போதுமே என்றேன். அவன் முகம் மாறியது.

"எனக்கு சர்வே இல்லே" என்றான். "எலெக்ட்ரிகல் கிடைச்சுடுத்து."

எனக்கு முதலில் புரியவில்லை. அவனே தொடர்ந்து சொன்னான். நம் பக்கத்திலிருந்து கேட்டவர்களுக்குக் கடைசியாக ஒரே ஒரு இடம்தான் இருந்ததாம். "உன் மார்க் என்னுதைவிட மேல. நீயும் கேட்டிருந்தா எனக்கு வந்திருக்காது. அப்பாதான் பார்த்துண்டார். உன்கிட்ட சொல்ல வேண்டாம்னார். எனக்கு மனசு கேக்கலே."

மனசு கேட்காதவன் விண்ணப்பம் போகும் முன் சொல்லியிருக்கலாம். இரண்டு மாதம் மணலில் உட்கார்ந்து அவனுடைய முதல் டெர்மை நான்தான் திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. மாமனார் திரும்பி வந்து, ஜாக்கிரதையாகப் போய்வரும்படி எங்கள் இருவருக்கும் சேர்த்துச் சொன்னார். அவர் காலில் விழுந்து சேவித்துவிட்டு ரயில் ஏறினேன். அன்று அதைத் தவிர வேறு செய்ய எனக்குத் தெரியவில்லை. என்னை வழியனுப்ப வந்திருந்த அப்பா பிளாட்பாரத்தில் சற்றுத் தள்ளி நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் இதை நான் கடைசிவரை சொல்லவில்லை.

அவன் நான் சொல்லிக்கொடுத்தபடியே படித்தான். நன்றாகவே தேறினான். யுத்தம் முடிவதற்குள் மின்சார இலாகாவில் பெரிய உத்தியோகத்துக்குப் போய்விட்டான். நான் பி.டபிள்யூ.டி.யில் சேர்ந்து வாய்க்கால் கரைகளை அளந்தேன். வேலையில் என்னைக் குறை சொன்னவர்கள் இல்லை. ஆனால் ஒருநாள்கூட காலையில் எழுந்து, இன்று அதைச் செய்யப்போகிறோம் என்று மனம் பரபரத்ததில்லை.

திருச்சிக்கு மாற்றலாகி வந்தபோது எங்களுக்குக் கல்யாணமாகி ஏழெட்டு வருஷம் இருக்கும். மைத்துனனுக்கு உத்தியோக உயர்வு வந்ததென்று மாமனார் வீட்டில் விருந்து. போய்த் திரும்பியதும் என் மனைவியிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். தளிகை உள்ளில் அடுப்பருகே பாத்திரங்களை ஒழித்துக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"எதுக்குக் கோபம்னு எனக்குத் தெரியும். அண்ணாவுக்கு இடம் வேணும்னுதான் என்னை உங்களுக்குக் குடுத்தா."

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே. அம்மாகிட்ட அப்பா சொல்லிண்டிருந்தார். நீங்களாவது ஏதோ ஒண்ணு படிச்சேள். நான் நன்னாப் படிச்சிண்டிருந்தேன். அந்த வருஷம் ஸ்கூல் திறந்தப்போ என்னை அனுப்பலே. வாத்தியாரம்மா ஆத்துக்கே வந்து கேட்டா. கல்யாணப் பெண்ணுன்னு சொல்லி அனுப்பிட்டா."

இத்தனை வருஷமாக ஏமாற்றப்பட்டவன் நான் ஒருவன்தான் என்று எண்ணியிருந்தேன். அவளிடம், படிப்பில் உனக்கு எது பிடிக்கும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அன்று கேட்டேன். "இப்போ எதுக்கு அது?" என்று உள்ளே போய்விட்டாள்.

அதன்பின் நாங்கள் கண்டோன்மெண்டுக்குப் போவதை நிறுத்திக்கொண்டோம். தீபாவளிக்கு மாமனார் வண்டி அனுப்பினார். அவள் அதை வெறுமனே திருப்பி அனுப்பினாள். பொங்கலுக்குப் பிறகு அவரே வந்தார். என்ன குறை வைத்தேன் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "எல்லாம் தெரியும்ப்பா. அவரும் தெரிஞ்சுண்டுதான் இத்தனை நாள் வந்துண்டிருந்தார்."

அவர் அதிரவில்லை. அவள் கொடுத்திருந்த காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"ரெண்டு பேரையும் கரையேத்தணுமேன்னு பார்த்தேன். ஏத்தினேனா இல்லையா? மாப்பிள்ளை இன்னிக்கு இஞ்சினீயர். நீ சௌக்கியமா இருக்கே. இதுல யாருக்கு நஷ்டம்?"

அவர் கேட்டது எங்களை மடக்குவதற்காக அல்ல. உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. அதைப் பார்த்ததும், அவரிடம் சொல்ல வேண்டும் என்று நான் வருஷக்கணக்காகச் சேர்த்துவைத்திருந்த வார்த்தைகள் வீணாகப் போயின. காப்பியைக் குடித்துவிட்டு, நன்றாக இருந்தது என்று மகளிடம் சொல்லிப் புறப்பட்டார். வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். அவள் வரவில்லை.